மூன்று சமனா, ஒரு வெற்றியா?

சுங்கை சிப்புட் காப்பிக்கடையில் இப்போது இதே பேச்சுதான். எங்கள் தோட்டத்துக் காற்பந்து அணிக்கு மூன்று ஆட்டங்கள் பாக்கி. மூன்றும் பலமான அணிகளோடு. அரையிறுதிக்கு இன்னும் 3 புள்ளி வேண்டும்.

மூன்றிலும் தற்காப்பு ஆடிச் சமன் செய்யலாம். அல்லது இரண்டில் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்து, ஒன்றை வெல்லலாம். வெற்றிக்கு 3, சமனுக்கு 1. கணக்கு ஒன்றுதான். ஆனால் சமன் என்றால் 90 நிமிடமும் சறுக்காமல் மூன்று முறை தப்பிக்க வேண்டும். சாயங்கால மழையில் சேறாகும் திடலில் அது நடக்கிற காரியமா? காலையில் செம்பனைக் குலை அறுத்துவிட்டு வரும் பையன்களின் கால்தான் தாங்குமா?

ஒன்றைக் குறிவைத்தால் கோல் வித்தியாசம் அடிவாங்கும், சரி. இருந்தும் என் ஓட்டு அதற்குத்தான். அதுவும் கடைசி ஆட்டத்துக்கு: எதிரணி அதற்குள் தன் இடத்தை உறுதிசெய்திருந்தால் கொஞ்சம் அசட்டையாகத்தான் வரும்.