பவர் ரத்துப் படிவம் தரும் இணையச் சேவைகள்: பாதி வேலைதான் முடியும்

வயதான பெற்றோரோ பெரியம்மாவோ ஒருவருக்குக் கொடுத்த பவரை (தன் சார்பில் செயல்பட எழுதித் தரும் அதிகாரப் பத்திரம்) வேறொருவர் பெயருக்கு மாற்ற, கட்டங்களை நிரப்பினால் பத்திரம் தயாராகும் சேவைகளைப் பலர் நாடுகிறார்கள். வாசகம் எழுத இவை போதும். பழைய பத்திரத்தின் தேதி, எண், முகவர் (பவர் பெற்றவர்) பெயர் மூன்றையும் விடாமல் கேட்கின்றன. கையால் எழுதும்போது தவறுவது பெரும்பாலும் இவைதான்.

கோளாறு 'திருத்தம்' என்ற தேர்வில் தொடங்குகிறது. பழைய பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டித் தருகிறது. வங்கியில் செல்லுபடியாவது சந்தேகமே. ரத்துப் பத்திரம் ஒன்று, புதிய பவர் ஒன்று என இரண்டும் ஒரே நாளில் கையெழுத்தாகட்டும். இடையில் நாள் விழுந்தால் அதுவரை யாருக்கும் அதிகாரம் இல்லை. பழையது பதிவானது என்றால் ரத்தையும் பதிவு செய்துவிடுவதே பாதுகாப்பு. இதைப் பல படிவங்கள் கேட்பதே இல்லை.

'இதற்கு முன் கொடுத்த எல்லா அதிகாரங்களும் ரத்து' என்ற வரி தானாகவே வந்து உட்காரும். வங்கிக்கோ மருத்துவத்துக்கோ தனியாகக் கொடுத்திருந்த பவரையும் அது சேர்த்தே வெட்டிவிடும். அதை நீக்கி, ரத்தாகும் பத்திரத்தை மட்டும் குறிப்பிடுங்கள்.

படிவத்தைப் பிள்ளைகள் நிரப்பலாம். ரத்து செய்யும் உரிமை பவர் கொடுத்தவருக்குத்தான். 'சுயநினைவுடன் எழுதிக் கொடுக்கிறேன்' என்ற அச்சு வரி மட்டும் பின்னால் வழக்கில் போதாது. அதே தேதியிட்ட மருத்துவர் சான்று வலுவான ஆதாரம். பவர் கொடுத்தவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டு, புதிய முகவரை வெளியே அனுப்பிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கைரேகை என்றால், வாசித்துக் காட்டப்பட்டது என்ற வரி அவசியம். நினைவு தவறிவிட்டவருக்கு எந்தப் படிவமும் உதவாது. பாதுகாவலர் நியமனத்துக்கு நீதிமன்றம்தான்.

பெரிய ஓட்டை, அறிவிப்பு. ரத்தானது தெரியாமல் பழைய முகவர் செய்தது பொதுவாகப் பவர் கொடுத்தவரையே கட்டுப்படுத்தும். ஆனாலும் இச்சேவைகள் பத்திரத்தோடு நின்றுவிடுகின்றன. பழைய முகவருக்கு, பெற்றதற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அறிவிப்பு அனுப்பவேண்டும். வங்கி, ஓய்வூதிய அலுவலகம், காப்பீட்டு நிறுவனம், வாடகைதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல். உங்கள் பிரதியில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை. பழைய முகவரிடமிருந்து மூலப் பத்திரத்தையும் சான்றிட்ட நகல்களையும் எண்ணி வாங்குங்கள். ஏடிஎம் கார்டு, செக் புத்தகம், ஓடிபி வரும் கைபேசி எண் எதையும் ரத்துப் பத்திரம் நிறுத்தாது, தனியாக மாற்றவேண்டும்.

சொத்தில் முகவருக்கே பங்கு இருந்து, அதற்காகவே கொடுத்த பவர் என்றால் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. அங்கே வழக்கறிஞர் இல்லாமல் கை வைக்கவேண்டாம்.

இரண்டு முகவர்களைப் போடும்போது 'சேர்ந்தா, தனித்தனியாகவா' என்ற கட்டத்தை நிரப்பாமலே மேலே போக விடுகிறார்கள். அதைக் காலியாக விட்டால், ஒருவர் வெளியூரில் இருக்கும் நாளில் ஒவ்வொரு காசோலைக்கும் இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கக்கூடும்.