பெட்ரோல் குடிக்கும் பழைய கார்: சின் மிங் பட்டறை ஒன்றின் சேவை

என்னுடைய கார் சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டில் பதிவான டொயோட்டா கொரோலா ஆல்டிஸ், 1.6 லிட்டர் இயந்திரமும் நான்கு வேகத் தானியங்கி கியரும் கொண்டது. 2018இல், காரை வைத்திருப்பதற்கான வாகன உரிமைச் சான்றிதழைப் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தபோது அது லிட்டருக்கு 13.4 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஈசூனிலிருந்து சிலேத்தார், புக்கிட் தீமா, தீவு விரைவுச்சாலைகள் வழியாக ஜூரோங் சென்று திரும்பும் அதே பாதையில், சென்ற ஆண்டு இறுதிக்குள் அந்தக் கணக்கு 10.1 கிலோமீட்டராகச் சரிந்துவிட்டது. பதினான்கு ஆண்டுகளைத் தாண்டிய காருக்குச் சாலை வரியின் மேல் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு. ஆண்டுதோறும் பரிசோதனையும் உண்டு. அந்தப் பரிசோதனையில் கார் முதல் முறையிலேயே தேறியதுதான் வேடிக்கை. புகையும் பிரேக்கும் விளக்குகளும் அங்கே சோதிக்கப்படுகின்றன. எவ்வளவு பெட்ரோல் செலவாகிறது என்பது அவர்கள் கவலையன்று.

முதலில் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு பட்டறைக்குச் சென்றேன். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களையும் சுத்தம் செய்து 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மூன்று முறை பெட்ரோல் நிரப்பியபோதும் கணக்கு அசையவில்லை. எரிபொருளைக் கணினி அளந்து செலுத்தும் கார்களில் ஏர் ஃபில்டர் அழுக்கடைந்தால் இழுவைதான் குறையும், பெட்ரோல் செலவு பெரிதாக மாறாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கார்புரேட்டர் காலத்து அறிவுரை இன்றும் பட்டறைகளில் விலைபோகிறது.

அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித்தான் சின் மிங்கில் உள்ள இந்தச் சிறிய பட்டறைக்குச் சென்றேன். சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, கணக்குவழக்கைக் கவனிக்கிறார். காரைப் பார்ப்பவர் ஈப்போவிலிருந்து வந்து குடியேறிய தமிழ் மெக்கானிக். எதையும் கழற்றுவதற்கு முன் கோளாற்றைக் கண்டறிவதற்கென்றே 90 வெள்ளி தனிக்கட்டணம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். கசக்கும் தொகைதான். ஆனால் உதிரிப்பாகம் விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத மெக்கானிக் வேறு விதமாக யோசிக்கிறார் என்பதை அன்று மதியமே கண்டேன்.

அவர் முதலில் கேட்டது காரின் சாவியை அன்று, என் குறிப்பேட்டை. ஒவ்வொரு முறையும் தொட்டியை நிரப்பும்போது ஓடிய தூரத்தையும் லிட்டரையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவில் நிரப்பிய நாள்களைத் தனியே குறிக்கச் சொன்னார். கடற்பாலத்தைக் கடந்து செல்லும் சிங்கப்பூர்க் காரின் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், அங்கே கொஞ்சமாக நிரப்பிவிட்டுத் திரும்பும் கணக்குகளில் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும் என்பது அவர் விளக்கம். ஒரே நிலையத்தில், குழாய் முதல்முறை தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்தி நிரப்பிய கணக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவற்றை வரிசையாகப் பார்த்தபோது சரிவு ஒரே சீராக இல்லை. ஈராண்டுகளுக்கு முன் ஒரே மாதத்தில் 13.2இலிருந்து 11.8க்கு இறங்கியிருந்தது, அதன்பின் ஓராண்டு அசையாமல் நின்று, கடைசி எட்டு மாதங்களில் மெல்ல மெல்ல 10.1க்கு வந்திருந்தது. திடீரென்று விழுந்தது யாரோ கை வைத்ததால், மெல்லச் சரிந்தது ஏதோ தேய்ந்ததாலோ சிக்கியதாலோ என்று பிரித்துக்கொண்டு, "அண்ணே, அந்த மாசம் என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். ரேடியேட்டர் மாற்றிய மாதம் அது.

கணினியை இணைத்துக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் இருபது நிமிடங்கள் ஓட்டினோம். கணினி தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் எரிபொருள் திருத்த அளவு மூன்று விழுக்காட்டைத் தாண்டவில்லை; வெளியேறும் புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் எதிர்வினையும் சுணங்கவில்லை. எனவே பல பட்டறைகள் முதலில் மாற்றச் சொல்லும் அந்தச் சென்சாரை அவர் தொடவே இல்லை. ஆனால் இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலை 68 டிகிரியைத் தாண்ட மறுத்தது. இயந்திரம் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, ஏறக்குறைய 82 டிகிரியில் திறக்க வேண்டிய வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்க்கச் சென்றால், அந்த இடமே காலியாக இருந்தது. ரேடியேட்டர் மாற்றியவர்கள், இந்த வெயிலுக்கு இது எதற்கு என்று எடுத்து எறிந்திருக்கிறார்கள்.

இது நம் ஊர்களில் பரவலாக உள்ள வழக்கமாம். நானே கூட, வெப்பநிலை காட்டும் முள் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்பதைப் பார்த்து, இயந்திரம் குளுமையாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவன்தான். இயந்திரம் இன்னும் சூடேறவில்லை என்று கணினி நினைத்துக்கொண்டிருக்கும் வரை தேவைக்கு மேல் பெட்ரோலைச் செலுத்தும். எண்ணெய் தன் சரியான இளக்கத்துக்கு வராததால் உராய்வு கூடும். பல தானியங்கி கார்களில் இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் நழுவாமல் இணைக்கும் பூட்டும் தாமதமாகவே விழும். மூன்றும் சேர்ந்து நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியைக் காலி செய்கின்றன. எச்சரிக்கை விளக்கு ஒன்றுகூட எரியவில்லை.

மெல்லச் சரிந்ததற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஓட்டி முடித்து நிறுத்தியவுடன் நான்கு சக்கரங்களின் வெப்பத்தையும் அளந்தார். முன்பக்க இடது சக்கரம் மட்டும் வலதைவிட 60 டிகிரி கூடுதலாகக் கொதித்தது. பிரேக் கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் வழுக்கு ஊசி துருவேறிச் சிக்கி, பிரேக்கை முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. டயர்களில் காற்றும் குறைவு. அது முழுக்க என் சோம்பல்.

தெர்மோஸ்டாட், புதிய கூலன்ட், காலிப்பர் பழுது, கண்டறியும் கட்டணம் எல்லாம் சேர்த்து 310 வெள்ளி. அதன்பின் ஐந்து முறை நிரப்பிய சராசரி லிட்டருக்கு 12.6 கிலோமீட்டர். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு ஏறக்குறைய 24 லிட்டர் மிச்சமாகிறது. லிட்டர் 2.80 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மாதம் 66 வெள்ளி. செலவழித்த பணம் ஐந்தாம் மாதத்திற்குள் திரும்பிவிடும்.

குறைகளும் உண்டு. பத்து நாள்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்; காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னவர்கள் பதினொன்றுக்குத்தான் காரைத் தொட்டார்கள். காத்திருக்க இரண்டு நெகிழி நாற்காலிகள், ஒரு மின்விசிறி, அவ்வளவே. வெப்பநிலை அளவுகளையெல்லாம் வாயால் சொன்னார்களே தவிர, ரசீதில் 'கூலிங், பிரேக்' என்று மட்டுமே எழுதியிருந்தது. தெர்மோஸ்டாட் பொருத்தப்பட்டதை நான் வற்புறுத்தித்தான் எழுதி வாங்கினேன். அடுத்து யாராவது ரேடியேட்டரில் கை வைக்கும்போது காட்டுவதற்கு அது தேவைப்படும்.

13.4க்கும் 12.6க்கும் இடையே மிஞ்சியிருப்பதைப் பற்றிக் கேட்டேன். இயந்திரத்தின் அழுத்தத்தைச் சோதிக்கலாம், ஆனால் குறைவாக இருந்தாலும் 2028 வரை மட்டுமே ஓடப்போகும் காருக்கு இயந்திரத்தைப் பிரிக்கச் சொல்ல மாட்டேன் என்று கூறி, அந்தச் சோதனைக்கான பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.