தனி உரிமமா, கவுன்சலிங் காம்பாக்ட்டா?

அமெரிக்காவில் உளவள ஆலோசகரின் உரிமம் மாநில எல்லையோடு நின்றுவிடும். ஜூமில் பேசினாலும், எதிரே இருப்பவர் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநிலத்துச் சட்டம்தான் செல்லும்.

பழைய வழி, மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம். மதிப்பெண் சான்று, பயிற்சி நேரக் கணக்கு, கட்டணம் எல்லாம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. அப்புறம் புதுப்பித்தலும் தனித்தனி.

கவுன்சலிங் காம்பாக்ட் என்பது மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். இதில் சொந்த மாநில உரிமம் ஒன்று போதும்; மற்ற உறுப்பு மாநிலங்களில் பணிபுரியும் அனுமதியை அதை வைத்தே வாங்கலாம். அங்கும் கட்டணம் உண்டு, சில மாநிலங்களில் சட்டத் தேர்வும் உண்டு. 2022இல் பத்து மாநிலங்கள் சேர்ந்ததும் ஒப்பந்தம் உயிர்பெற்றது. ஆனால் முதல் விண்ணப்பம் வாங்க 2025 ஆகிவிட்டது, அதுவும் அரிசோனா, மினசோட்டாவில் மட்டும். சட்டம் இயற்றுவது வேறு, விண்ணப்பம் வாங்கும் கணினியை ஓடவைப்பது வேறு!

ஒரு சிக்கல்: சொந்த மாநில உரிமத்தின் மேல் ஒழுங்கு நடவடிக்கை வந்தால் மற்ற அனுமதிகளும் கூடவே போகும்.

வாடிக்கையாளர் நாலைந்து மாநிலங்களில் சிதறிக் கிடந்தால் காம்பாக்ட்டுக்கே என் ஓட்டு. கலிபோர்னியாவில் மட்டும்தான் வேலை என்றால் சரி, தனி உரிமம்தான்; அந்த மாநிலம் இதில் சேரவில்லை.