டபுள் சார்ஜ் டைல்ஸ் என்று சொல்லி வேறு ரகத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்

திருச்சிப் பக்கம் வீட்டுக்குத் தரை போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைப் போட முடியாது, என் கையில் ஒழுங்கான பில் இல்லை. ஏன் இல்லை என்பதும் கீழே வரும், அதில் என் தப்பும் இருக்கிறது.

மாடியில் 900 சதுர அடி. மூன்று மாதம் அலைந்தோம். அப்பாவுக்கு கிரானைட்தான், "கீழ இருபது வருஷமா கிடக்கு, ஒரு கீறல் உண்டாடா?" என்பார். மனைவிக்கு ஆத்தங்குடிக் கல் மேல் ஆசை. காரைக்குடி தாண்டி அந்த ஊருக்கே போய்ப் பார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு எல்லாம் கையாலேயே செய்கிறார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதோடு சரி. "ஆசிட் ஊத்திக் கழுவக் கூடாதுங்க, எலுமிச்சம்பழம் சிந்தினாலே கறை நிக்கும், துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு வரும்" என்று அங்கே இருந்தவர் வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்பது போல் சொன்னார். எங்கள் வீட்டுப் புழக்கத்துக்கு அது தாங்காது என்று வந்துவிட்டோம். இந்த மூன்று மாதத்தில் உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே ஆள் அவர்தான். (ஊரில் கடைக்காரர்கள் 'ஆத்தங்குடி' என்று காட்டியதில் பாதி, அந்தப் பூ வேலையை அச்சடித்த சாதாரண செராமிக். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கடைசியில் டபுள் சார்ஜ் விட்ரிஃபைடு என்று முடிவானது. இரண்டு அடுக்கு களிமண் மாவை ஒன்றாக அழுத்தி, கண்ணாடி போல் இறுகச் சுட்ட டைல்ஸ் அது. மேலே உள்ள நிற அடுக்கே 3, 4 மில்லிமீட்டர் கனம் இருக்கும், ஆள் நடமாடித் தேய்ந்தாலும் நிறம் போகாது. படத்தை அச்சடித்து மேலே கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு பூசிய ரகத்தில் தோல் மாதிரி ஒரு படலம், அவ்வளவுதான். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஏமாந்தேன்.

கொத்தனார் ஒரு கடையைக் காட்டினார். அவருக்குக் கமிஷன் உண்டு என்று அப்போதே தோன்றியது, யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டேன். மாதிரிக் கல் அசல்தான், ஓரத்தில் இரண்டு அடுக்கும் தெளிவாகத் தெரிந்தன. சதுர அடி 65 ரூபாய். "ஜிஎஸ்டி பில் போட்டா 18 பெர்சென்ட் கூட வரும் சார், எஸ்டிமேட் போட்டுக்கலாமா?" என்றார் கடைக்காரர். தலையாட்டினேன். எஸ்டிமேட் என்று வரி போடாமல் கொடுத்த அந்தத் துண்டுச் சீட்டில் 'வி.டைல்ஸ் 2x2, 62 பெட்டி, 992 சதுர அடி' என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை.

அந்த 992 கணக்கைக் கவனியுங்கள். 600க்கு 600 மில்லிமீட்டர் டைல்ஸ் நாலு சேர்ந்தால் 15.5 சதுர அடிதான், பெட்டியிலேயே 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருக்கும். 2 அடி என்று பேச்சுக்குச் சொல்லி, பெட்டிக்கு 16 சதுர அடி போட்டுவிடுகிறார்கள். இல்லாத 31 சதுர அடிக்கு நான் கொடுத்தது 2,015 ரூபாய்.

லோடு ராத்திரி வந்தது. இருட்டில் பெட்டியை எண்ணி இறக்கினேன், ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள், ஹால் முடிந்து ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) வெட்டும்போது டைல்ஸ் மேஸ்திரி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று வெட்டிய துண்டைக் காட்டினார். உடம்பு முழுக்க ஒரே வெளிர் நிறம், மேலே மட்டும் மயிரிழை அளவு படலம். போதாததற்கு, பெட்டிகளில் இரண்டு வேறு ஷேடு நம்பர், அதாவது எந்த நிறத் தொகுதி என்று காட்டும் எண். ஹாலில் ஜன்னல் பக்கம் ஒரு நிறம், வாசல் பக்கம் ஒரு நிறம்.

கடையில் போய்க் கேட்டால், "டபுள் சார்ஜ்னு சீட்டுல எங்க சார் இருக்கு? ஒட்டினதைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைப் பற்றி எனக்குத் தெரியும், ஆனால் அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது? பில்லில் ரகம், கம்பெனி, ஷேடு நம்பர் மூன்றும் எழுதி வாங்குங்கள். லோடு பகலில் வரட்டும். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு டைல்ஸை வெட்டி ஓரத்தைப் பாருங்கள், ஒரு கல் போனால் போகட்டும்.

பெயர்த்தால் கூலியும் போகும் என்பதால் அப்படியே விட்டுவிட்டோம். அப்பா மாடிக்கு வரும்போதெல்லாம் ஒன்றும் பேசாமல் அந்த இரண்டு நிறமும் சேரும் இடத்தில் போய் நிற்கிறார். வெட்டிய துண்டு ஒன்று என் வண்டியின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, நேரில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் காட்டுகிறேன்.