டயட்டம் ஓட்டில் ஆக்சிஜனை அளக்க நான்கு வழிகள்: எது தேவலை?

அன்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் பழைய தட்பவெப்பத்தைத் தேடுகிறவர்களுக்கு முதல் தடை ஓடுகளிலேயே வந்துவிடுகிறது. மற்றக் கடல்களில் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள் வண்டலில் தாராளமாகக் கிடைக்கும். கடலின் வரலாற்றில் பெரும்பகுதியை அவற்றின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடை மாறுபட்ட ஆக்சிஜன் வகைகளை, வைத்தே எழுதியிருக்கிறார்கள். தென்கடலில் அவை அரிது. அங்கே கடலடியை நிரப்பிக் கிடப்பது டயட்டம் என்னும் ஒருசெல் பாசியின் சிலிக்கா ஓடு.

அந்த ஓட்டிலும் ஆக்சிஜன் உண்டு. நீர் குளிரக் குளிர, ஓட்டில் ஆக்சிஜன்-18 என்ற கனமான வகையின் பங்கு கூடும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2‰, அதாவது ஆயிரத்தில் 0.2 பங்கு. பனிப்பாறை உருகி வரும் நீரில் ஆக்சிஜன்-18 மிகக் குறைவு என்பதால், உருகுநீர் கலந்த காலங்களும் ஓட்டில் பதிவாகின்றன. அன்டார்க்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய பால்மர் டீப் பள்ளத்தின் வண்டலை வைத்து 2013இல் வந்த ஆய்வு, கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் பனிப்பாறைகள் கடலில் கொட்டிய நீரின் ஏற்ற இறக்கத்தை இப்படித்தான் படித்தது.

கேட்க எளிது, செய்யக் கடினம். மணலில் உள்ள குவார்ட்ஸில் ஆக்சிஜன் எல்லாம் சிலிக்கானோடு இறுகப் பிணைந்திருக்கும். டயட்டம் ஓடு குவார்ட்ஸ் அல்ல, நீர் கலந்த ஓபல். உள்ளே சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் என்ற கட்டுமானம். அதன் மேலும் இடுக்குகளிலும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தவை) நீர் மூலக்கூறுகளும் ஒட்டியிருக்கும். இந்த ஒட்டுண்ணி ஆக்சிஜனுக்கு விசுவாசம் கிடையாது. ஆய்வகத்தில் கழுவிய நீரோடும், அறையின் ஈரக்காற்றோடும் அது சளைக்காமல் இடம் மாற்றிக்கொள்ளும். அதை நீக்காமல் அளந்தால் கடலோடு சேர்த்து ஆய்வகத் தண்ணீரையும் அளந்தவர்களாவோம். நான்கு முறைகளுக்கும் இடையே உள்ள சண்டை இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

முதலாவது, படிப்படியான ஃபுளூரினேற்றம், அதாவது ஃபுளூரினைக் கொண்டு ஆக்சிஜனை வெளியேற்றுவது. ஹைம்சன், நௌத் என்ற இருவர் 1983இல் முன்வைத்தது. சில மில்லிகிராம் ஓட்டுத் தூளை நிக்கல் குழாயில் இட்டு, வெற்றிடத்தில் தளர்வான நீரை வெளியேற்றி, புரோமின் பென்டாஃபுளூரைடு போன்ற வினைப்பொருளைச் சிறிதளவு விட்டு, சுமார் 250 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் வைப்பார்கள். வெளிப்புறத்து ஹைட்ராக்சில் முதலில் வினைபட்டுப் போய்விடும். அந்த வாயுவை வெளியேற்றிவிட்டு, புதிதாக வினைப்பொருள் நிரப்பி, இன்னும் உயர்ந்த வெப்பத்தில் இரவு முழுவதும் விட்டால் கட்டுமானத்து ஆக்சிஜன் வெளிவரும். சேப்பங்கிழங்கின் தோலைச் சீவுவது போன்ற வேலை இது: மெலிதாகச் சீவினால் மண் ஒட்டியிருக்கும், ஆழமாகச் சீவினால் கிழங்கே போய்விடும். எங்கே நிறுத்துவது என்பதை ஒவ்வொரு ஆய்வகமும் தன் கருவியில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, கட்டுப்படுத்திய பரிமாற்றம். லபேரி, ஜூயே என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1982இல் விவரித்தார்கள். இவர்கள் மாறக்கூடிய ஆக்சிஜனோடு மல்லுக்கட்டவில்லை. அதை வேண்டுமென்றே மாற்றிவிடுகிறார்கள். ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஐசோடோப்பு மதிப்பு தெரிந்த ஒரு நீரின் ஆவியிலும், மற்றதை முற்றிலும் வேறான மதிப்புள்ள இன்னொரு நீரின் ஆவியிலும் சுமார் 200 டிகிரியில் ஊறவைத்து, பிறகு உயர் வெப்பத்தில் நீரகற்றி, இரண்டையும் அளக்கிறார்கள். கிடைக்கும் வேறுபாட்டிலிருந்து எவ்வளவு ஆக்சிஜன் மாறியது என்பதும், மாறாத பகுதியின் உண்மை மதிப்பும் கணக்கில் வந்து விழும்.

இரண்டையும் அருகருகே வைத்தால் எனக்குப் பிந்தையதன் தர்க்கம்தான் பிடிக்கிறது. ஹைட்ராக்சில் தொகுதிகளைச் சூடாக்கி விரட்டும்போது இரண்டு தொகுதிகள் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறாகப் போகும். ஆனால் ஓர் ஆக்சிஜன் கட்டுமானத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பரிமாற்ற முறையில் அந்த அகதி எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும், கணக்கில் சேர்த்துவிடலாம். மேலும், மாறக்கூடிய பங்கு எவ்வளவு என்ற எண்ணே ஒரு தகவல்: பாசி இறந்தபின் அதன் ஓடு வண்டலில் மெல்ல முதிர்ந்து ஹைட்ராக்சிலை இழக்கும்போது ஐசோடோப்பு மதிப்பும் நகர்கிறது என்று 1990களின் இறுதியிலிருந்து தெரிந்திருக்கிறது. அப்படியிருந்தும் இந்த முறை பரவாததற்குக் காரணம் சாதாரணமானது. ஒவ்வொரு மாதிரிக்கும் இரட்டை வேலை, இரட்டைத் தூள்.

மூன்றாவது வழியில் நீரகற்றுவதும் ஆக்சிஜனைப் பிரிப்பதும் தனித்தனி வேலைகள். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனத்தின் போட்ஸ்டாம் குழு 2010இல் வெளியிட்டது இது. வினைபுரியாத வாயு ஓட்டத்தில் ஓடுகளை 1100 டிகிரி வரை சூடாக்கி உலர்த்திவிட்டு, புரோமின் பென்டாஃபுளூரைடு நிரம்பிய அறையில் லேசரால் சுடுவார்கள். சுட்டதும் ஆக்சிஜன் வெளியே. ஓரிரு மில்லிகிராம் தூளே போதும். ஒரே அறையில் பல மாதிரிகளை அடுத்தடுத்துச் சுடலாம். உலர்த்தாத ஓபலை அந்த அறையில் வைத்தால் லேசர் தொடும் முன்பே வினைபடத் தொடங்கிவிடும் என்பதால், முன் உலர்த்தல் இங்கே தவிர்க்க முடியாதது. மேலே சொன்ன அகதி ஆக்சிஜன் பிரச்சினை இதில் முழுவதும் தீரவில்லை என்பது என் கருத்து. ஆனாலும் வேகமும் சிறு அளவும் பலரை இழுக்கின்றன.

நான்காவது, ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தினர் 2005இல் கொண்டுவந்த உயர்வெப்பக் கார்பன் ஒடுக்கம். ஃபுளூரினே வேண்டாம். வெற்றிடத்தில் படிப்படியாக நீரகற்றி, கிராஃபைட்டோடு சேர்த்து 1550 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடாக வரும். புரோமின் பென்டாஃபுளூரைடு தண்ணீர் பட்டால் வெடிப்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடைக் கக்கும் பொருள். அதைக் கையாளும் வசதி இல்லாத இடத்துக்கு இது வரப்பிரசாதம். இழப்பும் உண்டு. ஃபுளூரினேற்றத்தில் சிலிக்கான், சிலிக்கான் டெட்ராஃபுளூரைடாகக் கிடைக்கும். அதை வைத்து அதே தூளிலிருந்து சிலிக்கான் ஐசோடோப்பையும் அளக்க முடியும் என்று பிரிட்டனின் கீவொர்த்தில் 2008இல் காட்டினார்கள். கார்பன் வழியில் அது கிடையாது.

இவ்வளவு வேறுபட்ட வழிகள் ஒரே விடையைத் தருமா? 2011இல் வெளியான ஒப்பீட்டில் எட்டு ஆய்வகங்கள் ஆறு பொருள்களைத் தத்தம் முறையில் அளந்தன. அதுவரை எல்லோருக்கும் பொதுவாக இருந்த சிலிக்கா அளவுகோல், என்பிஎஸ்-28 என்ற குவார்ட்ஸ் ஒன்றுதான். அதன் மதிப்பு, அதாவது கடல்நீர் அளவுகோலைவிட ஆக்சிஜன்-18 எவ்வளவு கூடுதல் என்ற எண், 9.6‰; கடல் டயட்டமோ நாற்பதுக்கு மேலே. அந்த ஒப்பீட்டில் முன்மொழியப்பட்ட புதிய அளவுகோல்களில் ஒன்றான பிஎஸ்-1772-8 என்ற கடல் மாதிரி 42.8‰ என்று வந்தது. ஆய்வகங்களுக்கிடையே திட்டவிலக்கம் 0.3 முதல் 0.9‰ வரை. ‘நியாயமான ஒத்திசைவு’ என்று அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு டிகிரிக்கு 0.2 என்ற கணக்கில் 0.9 என்பது நான்கரை டிகிரி. ஆகவே ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு நேரடியாக ஒட்டுவதற்கு நான் தயங்குவேன். ஒரே ஆய்வகத்தில் ஒரே வண்டலின் மேலும் கீழும் ஒப்பிடுவதற்குத் தயங்க மாட்டேன்.

இத்தனைக்கும், பெரிய பிழை நுழையும் வாசல் வேறு. களிமண். கடல் டயட்டத்தின் மதிப்பு 42‰, களிமண்ணின் மதிப்பு 12‰ என்று வைத்துக்கொள்ளுங்கள். தூளின் ஆக்சிஜனில் நூற்றுக்கு ஐந்து பங்கு களிமண்ணுடையதாக இருந்தால் அளவீடு 1.5‰ இறங்கிவிடும். வெப்பநிலையாக மாற்றினால் ஏழரை டிகிரி. கற்பனையான வெப்ப யுகம் ஒன்றே பிறந்துவிடும். நான்கு முறைகளில் எதுவும் இதைக் கண்டுபிடிக்காது.

அதனால்தான் கழுவும் வேலைக்கு இவ்வளவு நேரம் போகிறது. கரிமப் பொருளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, சுண்ணாம்புக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு நுண்சல்லடை. அதற்குப் பிறகு சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல்: அடர்த்தியைச் சரியாக அமைத்தால் கனமான குவார்ட்ஸும் பாறைத் துகளும் அடியில் இறங்க, இலேசான ஓபல் மேலே மிதக்கும். அந்தக் கரைசலைப் போக்க மறுபடி மறுபடி அலச வேண்டும். கடைசியில் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, களிமண்ணில் இருக்கும் அலுமினியத்தை அளந்து, அதை வைத்து மிச்சம் இருக்கும் களிமண்ணைக் கணக்கால் கழிப்பார்கள். வண்டலில் கிடக்கும் ஓடு தானே கொஞ்சம் அலுமினியத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதால் இந்தக் கழித்தலும் சில சமயம் மிகையாகிவிடுகிறது.

சல்லடையில் இன்னொரு பொறி. வடமேற்குப் பசிபிக்கின் 882ஆம் துளையிடு தளத்தில், ஒரே வண்டல் மாதிரியின் இரண்டு அளவுப் பிரிவுகளுக்கிடையே 3‰-ஐத் தாண்டிய வேறுபாடு தென்பட்டது. எந்த அளவுப் பிரிவை எடுத்தோம் என்பதை வண்டல் முழுவதும் மாற்றாமல் காப்பது, எந்தக் குழாயில் சுட்டோம் என்பதைவிட முக்கியம்.

சிலிக்கானும் வேண்டுமென்றால் படிப்படியான ஃபுளூரினேற்றத்துக்குப் போகலாம். தூள் குறைவாகவும் மாதிரிகள் நிறையவும் இருந்தால் உலர்த்தி லேசரில் சுடுவது நடைமுறைக்கு ஏற்றது. ஃபுளூரின் கையாள வழியில்லாத ஆய்வகத்துக்குக் கார்பன் ஒடுக்கம். ஓடு முதிர்ந்திருக்குமோ என்ற சந்தேகம் வலுவாக இருக்கும் வண்டலில் மட்டும், நேரத்தைப் பாராமல், பழைய பரிமாற்ற முறையில் சில மாதிரிகளையாவது அளந்து பார்ப்பதற்கு என் வாக்கு. யாருடைய முடிவைப் படித்தாலும் நான் முதலில் புரட்டுவது அலுமினிய அட்டவணையை. அது இல்லாத கட்டுரையில் வெப்பநிலை வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து வாதாட மாட்டேன்.