ஒன்லைன் டொக்டர் ஆப்ல மருந்து எடுக்கிறவை, வீட்டில சீனி வருத்தக்காரர் இருந்தா இதை வாசிச்சிட்டு எடுங்கோ

86,500 ரூபா. ஹொஸ்பிட்டல் பில் மேசையில கிடக்கு, பாக்கப் பாக்க வயிறு எரியுது, அந்தச் சூட்டோடதான் எழுதுறன். பேர் போடேல்ல. வீடியோ கோல்ல டொக்டரைக் காட்டி மருந்தையும் வீட்ட கொண்டுவந்து தாற ஆப் ஒண்டு, அவ்வளவுதான் சொல்லுவன்.

அம்மாவுக்கு 71 வயசு, சீனி வருத்தத்துக்கு கிளிக்கிளசைட் போடுறவ. சலக்கடுப்பு வந்திட்டுது. வெள்ளவத்தையில இருந்து மழைக்குள்ள ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நம்பர் எடுத்து குந்தியிருக்கிறதை விட இது லேசு எண்டு தங்கச்சி சொன்னா. ஆப்ல வேற என்ன வருத்தம், என்ன குளிசை போடுறீங்கள் எண்டு கேட்டவை, நான் கிளிக்கிளசைட் அளவு முதல்கொண்டு எல்லாம் அடிச்சுக் குடுத்தன். டொக்டர் சிரிச்ச முகத்தோட வந்து "அம்மா, உங்கட விபரம் எல்லாம் பாத்திட்டன், பயப்பிடாதேங்கோ" எண்டார், அம்மா போனைப் பாத்துக் கும்பிட்டா. பாத்திட்டாராம்! ஒரு வரி பாத்திருந்தாலும் இந்த மருந்து வந்திராது.

வந்தது லிவோஃப்ளொக்சசின் 500 எண்ட அன்ரிபயோட்டிக். அட்டையில இருந்து வெட்டி மண்ணிறக் கவருக்குள்ள போட்டு "ஒரு நாளைக்கு ஒண்டு" எண்டு கிறுக்கி, உள்ளுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் கூட இல்ல.

அடுத்த இரவு அம்மா வாசல்ல ஆரோ நிக்கினம், கதவைப் பூட்டு எண்டு கத்தத் தொடங்கினா, என்னைத் தன்ர தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிடுறா, தண்ணி குடுக்கப் போன கையைத் தட்டி விடுறா, உடம்பெல்லாம் தெப்பலா வேர்வை. பக்கத்து வீட்டு அன்ரி நூல் கட்டோணும் எண்டா, சத்தியமா நானும் பயந்திட்டன். பிறகுதான் மெஷினில குத்திப் பாத்தா சீனி 41க்கு விழுந்து கிடக்கு. சீனித்தண்ணி பருக்கி, த்ரீவீலரில ஏத்தி, கிட்ட இருந்த பிரைவேட் ஹொஸ்பிட்டலுக்கு ஓடினம். குளுக்கோஸ் ஏத்தினாப் பிறகும் திரும்பத் திரும்ப இறங்கினபடியால் வீட்ட விடேல்ல, சீனி சரியான பிறகும் தடுமாற்றம் உடனே போகேல்ல. அதுதான் அந்த 86,500.

வார்டில இருந்த டொக்டர்தான் விளக்கினவ. சிப்ரோஃப்ளொக்சசின், லிவோஃப்ளொக்சசின் கூட்ட மருந்துகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கூட்டலாமாம், கிளிக்கிளசைட் செய்யிறதும் அதே வேலை, ரெண்டும் சேர்ந்தா சீனி விழும். வயசானவைக்கும் கிட்னி பிழையான ஆக்களுக்கும் ஆபத்து கூட. பதட்டம், மறதி, ஆள் தெரியாத குழப்பமும் இந்த அன்ரிபயோட்டிக்கால தனியவும் வரலாம். அரிதுதான், ஆனா புதுசில்ல. 2018 ஜூலையிலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் சீனி விழுறது, குழப்பம் வாறது ரெண்டையும் பற்றி எச்சரிக்கையைக் கடுமையாக்கினது, சாதாரண சலக்கடுப்புக்கு வேற மருந்து இருந்தா இதைக் குடுக்க வேண்டாம் எண்டு 2016லயே சொல்லிட்டுது. இதே கூட்டத்து கேட்டிஃப்ளொக்சசின் குளிசையை சீனிப் பிரச்சினையாலதான் 2006ல அங்க நிப்பாட்டினவை. எனக்கு கோவம் மருந்தில இல்ல, அது எத்தினையோ உயிரைக் காப்பாத்திற மருந்து. கேள்வி கேட்டு, பதிலை வாங்கி, காசையும் வாங்கிப்போட்டு ஒருத்தரும் வாசிக்கேல்ல பாருங்கோ, அதிலதான்.

ஆப்காரருக்கு எழுதினா "உங்கள் கருத்துக்கு நன்றி". போன் எடுத்தா ஒரு பிள்ளை "டொக்டர் எங்கட ஸ்டாஃப் இல்ல மேடம்" எண்டுது. மருந்து குடுத்த பாமசி "எழுதினதைக் குடுத்தம்" எண்டுது. டொக்டரோட கதைக்க வேணுமெண்டா திரும்ப புக் பண்ணோணுமாம், காசு கட்டி! கடைசியா ஒரு மனேஜர் வந்து அடுத்த தடவைக்கு 1,500 ரூபா வவுச்சர் தாறாராம். 86,500 எங்க, 1,500 எங்க? அடுத்த தடவையாம், மூஞ்சியைப் பாரு.

என்ன செய்யோணும் எண்டு விரிவா எழுதத்தான் இருந்தனான், ஏலாமக் கிடக்கு. அன்ரிபயோட்டிக் எழுதினா போடுற சீனிக் குளிசையின்ர பேரை வாயாலயே சொல்லி ரெண்டும் சேருமா எண்டு கேளுங்கோ, ஃபோமை நம்பாதேங்கோ. பாமசியில மருந்துப் பெட்டிக்குள்ள வாற துண்டுப் பிரசுரத்தைக் கேட்டு வாங்குங்கோ. வயசானவை திடீரெண்டு குழம்பினா முதல் சீனியைக் குத்திப் பாருங்கோ, இலங்கையில 1990 நம்பருக்கு அடிச்சா ஆம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மருந்தை நீங்களா நிப்பாட்டாமல் டொக்டரைக் கேளுங்கோ. மிச்சம் கொமெண்டில கேளுங்கோ, அம்மாவுக்கு சீனி பாக்கிற நேரமாச்சு.