வெட்டுகல் வீட்டுக்கு வைஃபை மேப்: 1,500 ரூபாய்க்குத் தகுமா?

தக்கலைப் பக்கம் எங்கள் வீடு தாத்தா காலத்தது. சுவரெல்லாம் ஒன்றரை அடி கனத்தில் வெட்டுகல் (செம்புறாங்கல்), மச்சு முழுக்கப் பலாப் பலகை. மகள் மேல் அறையில் இருந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். மோடம் இருப்பதோ வாசல் பக்க அறையில். முதலில் கேட்ட கடையில் வீட்டைப் பார்க்காமலே "மூணு ரிப்பீட்டர் போடுங்க" என்றார்கள், அதாவது சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி. அது சரிப்படாது என்று நாகர்கோவிலில் ஒரு சின்ன நெட்வொர்க் கடையைப் பிடித்தேன். கம்ப்யூட்டரில் வீட்டை வரைந்து, எங்கே எவ்வளவு சிக்னல் வரும் என்று முன்கூட்டியே காட்டுகிறார்கள்.

வந்த தம்பி லேப்டாப்பில் பிளானை ஏற்றி, சுவர்களை வரைந்தார். ஒவ்வொரு சுவரும் என்ன பொருள் என்று சாஃப்ட்வேர் கேட்கிறது. செங்கல், கான்கிரீட், ஜிப்சம், கண்ணாடி எல்லாம் உண்டு, வெட்டுகல் இல்லை. செங்கல் என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இவர் ஹாலில் ஒரு ரவுட்டரை வைத்து, போனில் 5 கிகாஹெர்ட்ஸ் அளவைப் பார்த்தார். அது மைனஸ் டிபிஎம் கணக்கில் வரும், பூஜ்யத்துக்குக் கிட்ட இருந்தால் சிக்னல் பலம். சுவருக்கு இந்தப் பக்கம் மைனஸ் 48. கதவைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் மைனஸ் 63. "15 டெசிபெல் சுவரே தின்னுது சார்" என்றார். பத்து குறைந்தாலே ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும். 15 என்றால் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த எண்ணைக் கொடுத்ததும் பச்சையாக இருந்த பின்னறைகள் சிவந்துவிட்டன.

மாடிக்கு நேர் எதிர். சாஃப்ட்வேர் தானாகவே கான்கிரீட் தளம் என்று எடுத்துக்கொண்டிருந்தது; மரம் என்று மாற்றியதும் மேல் அறை தெளிந்தது. அப்புறம் என்ன, நடு அறை மச்சில் ஒரே ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் இணைத்து வைஃபை பரப்பும் பெட்டி), மோடத்திலிருந்து ஒரு கேபிள், அவ்வளவுதான். மகள் மேசையில் மைனஸ் 62 வரும் என்று படம் சொன்னது, வந்தது 65. வீடியோ காலுக்கு மைனஸ் 67-க்குக் கீழே போகாமல் இருந்தால் போதுமாம்.

அடுக்களையில்தான் கணக்கு பிசகியது. நடுவில் ஸ்டீல் பீரோவும் பாத்திர அலமாரியும் நிற்கின்றன. படத்தில் சுவர்தான் உண்டு, சாமான் கிடையாது. என் மனைவி பாட்டு கேட்பது அங்கேதான், இன்னும் திட்டு வாங்குகிறேன்.

ரிப்போர்ட்டும் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் வந்தது. வெறும் கலர் படம். சுவருக்கு என்ன மதிப்பு கொடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. 15 என்பதை நானே ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்தேன்.

பழைய கனத்த சுவர் வீடென்றால் தாராளமாகக் கூப்பிடலாம். சின்ன ஒற்றைத் தள வீட்டுக்காரர்கள் முதலில் ரவுட்டரை நடு ஹாலுக்கு மாற்றிப் பாருங்கள், 1,500 ரூபாய் மிச்சமாகலாம்.